பிரேக் மிதித்தால் இடது டெயில் லைட் மங்குகிறது: பல்பு, ஃபியூஸ் எல்லாம் சரி!

சாலைப்பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ரொம்ப வருஷமா ஓடுற சாதா சேடன். பின்னால எல்இடி எதுவும் கிடையாது, எல்லாம் பழைய இழை பல்புதான். பிரச்சினை இடது பக்கம் மட்டும்.

பார்க் லைட் போட்டா இடது டெயில் லைட் வலதைவிட மங்கல். அதோட பிரேக்கை மிதிச்சா வெளிச்சம் கூடணும் இல்லையா? இங்கே தலைகீழ். இடது பக்கம் மொத்தமும் அழுக்குச் சிவப்பா சோர்ந்து போகுது. இண்டிகேட்டர் போடாமலே இடது இண்டிகேட்டர் லேசா ஆரஞ்சா எரியுது, பின்னால மட்டுமில்ல, முன்னாலயும். வலது பக்கமும், கண்ணாடிகிட்ட இருக்கிற மூணாவது பிரேக் லைட்டும் கச்சிதமா இருக்கு.

புது பல்பு போட்டாச்சு. ஃபியூஸ் நல்லா இருக்கு. பல்பைக் கழற்றிட்டு ஹோல்டர்ல மல்டிமீட்டர் வெச்சா 12.4 வோல்ட் காட்டுது. மெக்கானிக், "கன்ட்ரோல் யூனிட் போயிருக்கும், மாத்திடலாம்"னு சொல்றார். மாத்தலாமா?

மூன்றாம்கியர்:
மாத்தாதீங்க. முதல்ல புது பல்பை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்க. டெயில், பிரேக் ரெண்டும் ஒரே பல்புல இருந்தா அது 21/5 வாட் டபுள் ஃபிலமென்ட். அடியில ரெண்டு புள்ளி, பக்கத்துல இருக்கிற ரெண்டு பின்னும் ஒரே உயரத்துல இருக்காது. சில கடைக்காரர் 21 வாட் சிங்கிள் ஃபிலமென்டை எடுத்துக் கொடுத்துடுவார். அதுக்கு அடியில ஒரே புள்ளி. திணிச்சு நுழைச்சா அந்த ஒரு புள்ளி ஹோல்டரோட ரெண்டு கான்டாக்டையும் இணைச்சுடும். அப்புறம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் டேஷ்போர்டு விளக்கு எரியும், வேடிக்கையா இருக்கும்.

சாலைப்பிரியன்:
பார்த்துட்டேன் அண்ணே. ரெண்டு புள்ளி இருக்கு, பின் ஏறுக்கு மாறாத்தான் இருக்கு. வலது பக்க பல்பை இடதுல போட்டும் பார்த்தேன், அதே கதை.

ஓமின்பேரன்:
இது எர்த் கோளாறு, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழியில் கோளாறு. நீங்கள் எழுதிய அறிகுறிகளே போதும்.

இடது பக்க விளக்குக் கூட்டில் டெயில், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்று தனித்தனி ஒயரில் மின்சாரம் வருகிறது. திரும்பிப் போகும் வழி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: ஹோல்டர் பலகையில் ஓடும் உலோகத் தகடு, அதிலிருந்து ஒரே ஒரு எர்த் ஒயர். அந்த வழி அடைபட்டால், 5 வாட் டெயில் இழைக்குத் தேவையான அரை ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் எப்படியோ தப்பித்துப் போய்விடும், கொஞ்சம் மங்கலோடு. பிரேக் மிதித்ததும் 21 வாட் இழை ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். அவ்வளவையும் அந்த வழி விடாது. தகட்டில் பூஜ்யமாக இருக்க வேண்டிய வோல்டேஜ் ஏறிவிடும். ஏறிய மின்சாரம் வேறு வழி தேடும். அணைந்திருக்கும் இண்டிகேட்டர் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, அந்த ஒயரோடு முன்னால் போய், முன் இண்டிகேட்டர் பல்பு வழியாக எர்த்தைப் பிடிக்கிறது. முன்னாலும் எரிகிறது என்று சொன்னீர்களே, அதற்குக் காரணம் இதுதான். கன்ட்ரோல் யூனிட் கெட்டால் இந்த மாதிரி எரியாது.

டேப்சுற்றி:
அட, இதுக்கு இவ்வளவு பாடமா. ஒரு முழ ஒயர் எடுங்க. ஹோல்டர் தகட்டுல ஒரு முனை, டிக்கிக்குள்ள பெயின்டைச் சுரண்டிட்டு பாடியில ஒரு ஸ்க்ரூ. முடிஞ்சுது. நான் பார்த்த வண்டிங்கள்ல பாதிக்கு இதுதான் வைத்தியம்.

ஓமின்பேரன்:
வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எங்கே அடைப்பு என்று தெரியாமல் புது வழி போட்டால், பழைய இடம் அப்படியே கிடக்கும். அது ஹார்னஸ் (ஒயர் கொத்து) நடுவில் நீர் புகுந்த இணைப்பாக இருந்தால், களிம்பு செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து பக்கத்து ஒயருக்கும் போகும். முதலில் அளந்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

சாலைப்பிரியன்:
ஆனா ஹோல்டர்ல 12.4 வந்ததே சார்? எர்த் கெட்டிருந்தா அது எப்படி வரும்?

ஓமின்பேரன்:
நல்ல கேள்வி. பலரும் வழுக்கி விழும் இடம் இது. பல்பைக் கழற்றிவிட்டு அளந்தீர்கள். மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவு சிறியது. ஒயரில் இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அந்த ஒற்றை இழையை நம்பி பல்பை மாட்டினால் நூலில் தேர் இழுத்த கதைதான். வோல்டேஜை எப்போதும் சுமை ஓடும்போது அளக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: பல்புகள் எல்லாம் இடத்தில் இருக்கட்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். பேட்டரி முன்னால் இருந்தால் நீள ஒயர் ஒன்றைக் கட்டி இழுத்து வாருங்கள். சிவப்பு முனை ஹோல்டரின் எர்த் தகட்டில். பார்க் லைட் போட்டு ஒரு அளவு, யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லி ஒரு அளவு. ஆள் இல்லையென்றால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். நல்ல எர்த் என்றால் 0.1 வோல்ட் அக்கம்பக்கம் வரும். அரை வோல்ட்டைத் தாண்டினால் தேட வேண்டிய இடம் இருக்கிறது.

சாலைப்பிரியன்:
அளந்துட்டேன். பார்க் லைட் மட்டும்: 1.9. பிரேக்கும் சேர்த்து: 6.2!

மூன்றாம்கியர்:
ஆத்தாடி, ஆறா. பேட்டரி கொடுக்கிறதுல பாதி எர்த்லயே போயிடுது. பல்புக்கு மிச்சம் ஆறுதான்.

இழை பல்புல வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலே வெளிச்சம் பல மடங்கு விழும், பலருக்கு இது தெரியாது. 10 சதவீதம் வோல்டேஜ் போனா ஏறக்குறைய 30 சதவீத வெளிச்சம் போச்சு. பாதி வோல்டேஜ்ல பத்துல ஒரு பங்கு வெளிச்சம்கூட வராது. உங்க பிரேக் லைட் இப்ப இருந்தும் இல்லாத மாதிரிதான். பின்னால வர்றவன் பாவம். சரியாகும்வரை ராத்திரி ஓட்டாதீங்க.

நள்ளிரவுப்பயணி:
எனக்கும் இதே மாதிரி இருந்தது. எல்இடி பல்பு வாங்கிப் போட்டேன், பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஒயரைத் தொடவே இல்லை.

ஓமின்பேரன்:
பளிச்சென்று ஆகும். எல்இடி எடுக்கும் மின்னோட்டம் இழை பல்பில் ஒரு சிறு பங்குதான், அதனால் அந்தக் கெட்ட இணைப்பில் விழும் வோல்டேஜும் குறைந்துவிடும். நோய் அப்படியே இருக்கிறது, அறிகுறி மறைந்துவிட்டது. பக்கத்தில் இண்டிகேட்டரோ ரிவர்ஸ் லைட்டோ இன்னும் இழை பல்பாக இருந்தால் அங்கே தலைகாட்டும்.

பல்பை மாற்றியதும் இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்ததா?

நள்ளிரவுப்பயணி:
ஆமா, இண்டிகேட்டரும் எல்இடி போட்டேன். வேகமா அடிச்சுது. எல்இடி குறைவா மின்சாரம் எடுக்கிறதால பல்பு போயிடுச்சுன்னு வண்டி நினைக்குதாம். சுமையைக் கூட்ட ரெசிஸ்டர் ஒண்ணு சேர்த்துக் கொடுத்தாங்க, சரியாயிடுச்சு.

பழையவண்டி:
அந்த ரெசிஸ்டரை எங்கே ஒட்டி வெச்சிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. இண்டிகேட்டருக்குச் சாதாரணமா கொடுக்கிறது 6 ஓம். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் இருந்தா அதுல 2.3 ஆம்பியர் போகும், 30 வாட்டுக்கு மேல சூடு. இண்டிகேட்டர் விட்டு விட்டு அடிக்கிறதால தாங்கும். நாலு விளக்கும் சேர்ந்து அடிக்கிற ஹஸார்டு போட்டு ரொம்ப நேரம் நின்னீங்கன்னா கையை வைக்க முடியாது. பாடி இரும்புல ஸ்க்ரூ போட்டிருக்கணும். ஹார்னஸோட டேப் போட்டுக் கட்டியிருந்தா இன்னைக்கே பிரிச்சுடுங்க.

எல்இடி மேல எனக்குப் பகை இல்லை. இழை பல்புக்குன்னு வடிவமைச்ச பிரதிபலிப்புக் கிண்ணத்துல எல்இடியைச் செருகினா வெளிச்சம் நேர் பின்னால ஒரு மாதிரி, பக்கவாட்டுல வேற மாதிரி விழும். பல நாடுகள்ல அதைச் சட்டமும் ஏத்துக்கிறதில்லை. சரி, அதை வேற பதிவுல பேசுவோம்.

சாலைப்பிரியன், அந்த 6.2 எந்த இடத்துல விழுதுன்னு துண்டு துண்டா பிரிங்க. சிவப்பு முனையை மட்டும் நகர்த்திக்கிட்டே வாங்க. டிக்கி ஓரத்துல கார்ப்பெட் உறைக்குப் பின்னால எர்த் போல்ட் இருக்கும், கறுப்போ பழுப்போ நாலஞ்சு ஒயர் ஒரே இடத்துல வந்து சேரும். அந்த போல்ட் தலையில ஒரு அளவு. விளக்குக்கு வர்ற கப்ளர்ல (ஒயரைக் கழற்றி மாட்டுற பிளாஸ்டிக் பிளக்), ஒயர் நுழையிற பின்பக்கமா முனையைச் செருகி ஒரு அளவு. அப்புறம் தகடு. எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல நம்பர் குதிக்குதோ, வியாதி அங்கே.

டேப்சுற்றி:
போல்ட்தான், பந்தயம் வெச்சுக்கலாம். துரு பிடிச்சிருக்கும்.

டிக்கிதிறப்பு:
நான் வேற இடம் சொல்றேன். டிக்கி மூடியிலயும் விளக்கு இருக்கிற வண்டியா? கீல்கிட்ட ஒயர் கொத்து ஒரு ரப்பர் குழாய்க்குள்ள போகும். திறந்து மூடித் திறந்து மூடி ஒயர் உள்ளேயே முறிஞ்சுடும். மேல் பிளாஸ்டிக் முழுசா இருக்கும், உள்ளே செம்பு ரெண்டு துண்டு. கண்ணால பார்த்தா தெரியவே தெரியாது. ரப்பரை நகர்த்திட்டு ஒவ்வொரு ஒயரா மெதுவா இழுத்துப் பாருங்க, செம்பு இருந்தா விறைப்பா நிக்கும், முறிஞ்ச இடம் மட்டும் ரப்பர் மாதிரி நீளும். எங்க வீட்டு வண்டியில நம்பர் பிளேட் லைட் டிக்கியைப் பாதி திறந்தா எரியும், மூடினா அணையும்.

சாலைப்பிரியன்:
என் வண்டியில இடது விளக்கு முழுக்க பாடியிலதான், மூடியில எதுவும் இல்லை. ஆனாலும் கீல் பக்கம் இழுத்துப் பார்த்தேன், எல்லாம் விறைப்பா இருக்கு.

பழையவண்டி சார் சொன்ன மாதிரி அளந்தேன். பிரேக் மிதிச்சபடி: எர்த் போல்ட்ல 0.05. கப்ளர்ல எர்த் ஒயர் நுழையிற இடத்துல 0.08. ஹோல்டர் தகட்டுல 6.1. போல்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

டேப்சுற்றி:
பந்தயம் போச்சு.

பழையவண்டி:
போகட்டும். ஒயர் மொத்தமும் சுத்தம். கப்ளருக்கும் தகட்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு பின். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிட்டு கப்ளரைப் பிரிச்சு எர்த் பின் இருக்கிற குழியை மட்டும் வெளிச்சம் அடிச்சுப் பாருங்க.

சாலைப்பிரியன்:
பிரிச்சேன். மத்த குழியெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக். எர்த் குழி மட்டும் பழுப்பாக் கருகி, ஓரம் உருகி இளகியிருக்கு. பின் கறுத்துப் போய், பக்கத்துல பச்சையாக் களிம்பு. விளக்கோட ரப்பர் கேஸ்கெட் மேல் மூலையில விட்டிருக்கு, தண்ணி வழிஞ்ச கோடு தெரியுது.

ஒண்ணு புரியலை. பிளாஸ்டிக் உருகுற அளவுக்குச் சூடாகியிருக்கு, ஃபியூஸ் ஏன் போகலை?

ஓமின்பேரன்:
எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பின்னில் விழுவது 6 வோல்ட். பல்புகளுக்குப் பாதி வோல்டேஜ்தான் கிடைப்பதால் ஓடும் மின்னோட்டமும் குறைந்து, ஒன்றேகால் ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 7 வாட்டுக்கு மேல் வருகிறது. உங்கள் டெயில் இழையே 5 வாட்தான். அதைவிட அதிகச் சூடு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் குழிக்குள், ஒரு சிறு பின்னின் தலையில். சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும் நேரமெல்லாம் அது வெந்துகொண்டிருந்தது. சூட்டில் பின்னின் ஸ்பிரிங் அழுத்தம் தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் இன்னும் சூடு.

ஃபியூஸுக்கு இது எதுவும் தெரியாது. அது பார்ப்பது மின்னோட்டம் ஒன்றைத்தான். ஷார்ட் ஆனால் மின்னோட்டம் எகிறும், ஃபியூஸ் போகும். லூஸ் கான்டாக்டில் மின்னோட்டம் குறையவே செய்கிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

கைவசம்ஃபியூஸ்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஃபியூஸ் பேச்சு வந்ததால கேக்குறேன். என் வண்டியில டெயில் லைட் ஃபியூஸ் அப்பப்ப போயிட்டே இருந்தது. சிவப்பு 10க்குப் பதிலா மஞ்சள் 20 போட்டேன், இப்ப போகறதில்லை. பரவாயில்லையா?

பழையவண்டி:
பரவாயில்லைன்னு விட முடியாது. ஃபியூஸ் இருக்கிறது பல்பைக் காப்பாத்த இல்லை, ஒயரைக் காப்பாத்த. அந்த ஒயரோட கனம் 10 ஆம்பியருக்குக் கணக்குப் பண்ணிப் போட்டது. இப்ப எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனா முதல்ல உருகப்போறது கார்ப்பெட்டுக்கு அடியில போற ஒயர். வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி 10ஐத் திரும்பப் போடுங்க.

அப்பப்ப போற ஷார்ட்டைப் பிடிக்க ஒரு வழி இருக்கு. ஃபியூஸை எடுத்துட்டு, அந்த ரெண்டு கால் இடத்துல ஹெட்லைட் பல்பு ஒண்ணை ஒயர் போட்டு இணைங்க. சர்க்யூட்ல ஷார்ட் இருக்கும்போது அந்த பல்பு முழு வெளிச்சத்துல எரியும். ஒயர் கருகாது, ஃபியூஸ் வீணாகாது. பார்க் லைட்டைப் போட்டுட்டு ஹார்னஸை முன்னாலேருந்து பின்னால வரை கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுக்கிட்டே போங்க. எந்த இடத்தை அசைக்கும்போது அந்த பல்பு பளிச்சுன்னு ஏறி இறங்குதோ அங்கே பிரிங்க. கதவுப் படி ஓரத் தகடு, பின் சீட் போல்ட், யாராவது டோ-பார் (டிரெய்லர் இழுக்கிற கொக்கி) ஒயரோ மியூசிக் சிஸ்டமோ இழுத்திருந்தா அந்த ஒட்டுப் போட்ட இடம், எலி கடிச்ச இடம், இதெல்லாம் முதல்ல பாருங்க.

மூன்றாம்கியர்:
டோ-பார் ஒட்டுன்னதும் எரிச்சல் வருது. ஒயரை வெட்டாமலே கவ்விப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் ஒண்ணு விக்கிறாங்களே, அதோட பல் உள்ளே இறங்கும்போதே நாலு செம்பு இழையை அறுத்துடும். பிளாஸ்டிக்கையும் கிழிச்சு விட்டுடும், தண்ணி உள்ளே போக வாசல். பின் பம்பருக்குக் கீழே அதை மாட்டுறவங்களுக்கு என்ன தைரியமோ.

சாலைப்பிரியன்:
சரி, இப்ப என் கருகின பின்னுக்கு என்ன பண்றது? பார்த்த வரைக்கும் ஹோல்டர் பலகை தனியா கிடைக்கலை, முழு விளக்கோடதான் வரும்ங்கிறாங்க. தகடு மத்தபடி நல்லாத்தான் இருக்கு. ஈயம் வெச்சு ஒயரை நேரா தகட்டுல பத்தவைக்கலாமா?

டேப்சுற்றி:
நான் முதல்லயே சொன்னது இதைத்தான்!

ஓமின்பேரன்:
ஒப்புக்கொள்கிறேன், கடைசியில் உங்கள் வழிக்குத்தான் வந்து நிற்கிறோம். பாடியில் புது ஸ்க்ரூ மட்டும் வேண்டாம். போல்ட் 0.05 காட்டுகிறது, ஒயரும் நன்றாக இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் எர்த் ஒயரையே பயன்படுத்துவோம்.

ஈயம் பற்றி: தகடு முலாம் பூசிய இரும்பாக இருந்தால் ஈயம் ஒழுங்காகப் பிடிக்காது, ரொம்ப நேரம் சூடு காட்டினால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். ஒயரில் ஈயம் ஏறிய இடம் விறைத்தும் போகும், அதிர்வில் அந்த விறைப்பு முடியும் எல்லையில்தான் பிறகு முறியும். தகட்டில் காலி இடம் பார்த்துச் சிறு துளை போட்டு, வளைய லக் (ஒயர் முனையில் மாட்டும் துளையுள்ள உலோக வளையம்) ஒன்றை சின்ன போல்ட்-நட்டால் இறுக்குங்கள், கீழே பல் வாஷர். பல்பு உட்காரும் இடத்தில் துளை விழுந்துவிட வேண்டாம். லக்கை ஒயரில் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கிப் பிடிக்க வையுங்கள், மேலே உள்பக்கம் பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். வெறும் இன்சுலேஷன் டேப் டிக்கி வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும், டேப்சுற்றி கோபிக்க வேண்டாம்.

எர்த் ஒயரை வெட்டும்போது களிம்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளவென்று வரும் இடம் வரை பின்வாங்கி வெட்டுங்கள். கறுத்த செம்பில் கிரிம்ப் போட்டால் வெளியே பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பழையவண்டி:
கேஸ்கெட்டை மறந்துடாதீங்க. தண்ணி வர்ற வழியை விட்டுட்டு ஒயரை மட்டும் சரி பண்ணினா அடுத்தது பக்கத்துப் பின். விளக்குக் கண்ணாடியில காலையில லேசா பனி மாதிரி படிஞ்சு மறைஞ்சா அது சகஜம், காத்து போக வர துளை வெச்சிருப்பாங்க. அடியில தண்ணி தேங்கி ஆடினாத்தான் ஒழுகல்.

சாலைப்பிரியன்:
முடிஞ்சுது! செம்பு ஒரு விரல்கடை நீளம் கறுத்திருந்தது, வெட்டி எறிஞ்சுட்டேன். லக், போல்ட், ஷ்ரிங்க் எல்லாம் போட்டாச்சு. கேஸ்கெட் புதுசு. மத்த பின்னுக்கெல்லாம் தண்ணி புகாம காக்குற டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசா தடவினேன். இப்ப பிரேக் மிதிச்சு அளந்தா தகட்டுல 0.09. ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம், இண்டிகேட்டர் பேய் ஓடிப்போச்சு. கன்ட்ரோல் யூனிட் பேச்சை மெக்கானிக்கிட்ட எடுத்தேன், "எதுக்கும் ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்கலாம்"னார். சிரிச்சுட்டு வந்துட்டேன்.

இரவல்வண்டி:
இந்தப் பதிவைப் படிச்சுட்டு என் பிரச்சினையையும் கேட்டுடறேன். எனக்கு நேர் எதிர்: வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தாலும் பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது, மூணுமே. காலையில பேட்டரி செத்துக் கிடக்கு. பெடலைக் கையால மேலே இழுத்தாலும் மாற்றமில்லை. எர்த்தா?

பழையவண்டி:
இல்லை, இது வேற ஜாதி. எர்த் கெட்டா மங்கும், அணையாம நிக்காது. பெடலுக்கு மேல பிரேக் சுவிட்ச் இருக்கும், அதோட நுனியில ஒரு குச்சி வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். பெடல் மேலே வந்து அந்தக் குச்சியை உள்ளே அமுக்கினாத்தான் விளக்கு அணையும். பல வண்டியில பெடல் தகட்டுல ஒரு துளை போட்டு, அதுல சின்ன ரப்பர் இல்லைன்னா பிளாஸ்டிக் பொத்தான் ஒண்ணைச் செருகியிருப்பாங்க, குச்சி அதுலதான் முட்டும். அது நாள்பட்டுப் பொடிஞ்சு விழுந்துட்டா குச்சி துளை வழியா நேரா போயிடும், அமுங்காது. விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

டார்ச் எடுத்துக்கிட்டு டிரைவர் கால் வைக்கிற கால்மிதியைப் பாருங்க, உடைஞ்ச துண்டு ஏதாவது கிடக்குதான்னு.

இரவல்வண்டி:
கிடக்குது! நாலு துண்டு, தொட்டா மாவா உதிருது. நான் ஏதோ குப்பைன்னு நினைச்சேன்.

பழையவண்டி:
அதேதான். சுவிட்ச் நல்லாத்தான் இருக்கும், அந்தப் பொத்தானை மட்டும் வாங்கிச் செருகுங்க. கிடைக்கிறவரைக்கும் அந்தத் துளைக்கு ஏத்த சின்ன போல்ட்டும் நட்டும் போட்டு, தலை குச்சி பக்கம் வர்ற மாதிரி இறுக்கிடலாம். மாட்டினப்புறம் பெடலை விட்டா அணையுதா, லேசாத் தொட்டாலே எரியுதா, ரெண்டையும் பார்த்துட்டு வண்டியை எடுங்க. அதுவரை ராத்திரி நிறுத்தும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைங்க. ஃபியூஸைப் பிடுங்கிட்டு ஓட்டிடாதீங்க, பிரேக் லைட்டே இல்லாமப் போயிடும்.